தொப்பி இல்லாத சல்யூட்

படத்தின் பெயர் ‘ஸ்டெட்ஃபர்ட் திரும்பவில்லை’. ஆனால் கடைசிக் காட்சியில் ஸ்டெட்ஃபர்ட் என்கிற அந்தப் போர்க்கப்பல் கொடி பறக்க, பேண்டு முழங்க, அமர்க்களமாகத் திரும்பி வந்துவிடும். அதனால் திரையில் பெயர் விழும்போதே முதல் மணியை அடித்துவிடுவார்கள்.

மணி அடிக்கிற உரிமை பெர்னார்ட் ஹிஸ்காக்குடையது. இங்கிலாந்தில் கோஸ்போர்ட் என்ற துறைமுக ஊரில் பழைய கடற்படைக்காரர்கள் கூடும் கிளப்பில், பீர் குழாய்களுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் கப்பல் மணி தொங்குகிறது. ஆண்டுக்கு ஒரு முறை, ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், இறைச்சியைப் பரிசாக வைக்கிற சீட்டுக் குலுக்கல் முடிந்த கையோடு இந்தப் படத்தைப் போடுவார்கள். ரசிப்பதற்காக யாரும் வருவதில்லை. குற்றம் கண்டுபிடிக்கத்தான் வருகிறார்கள். யாராவது ஒரு பிழையைச் சொல்லிக் கத்தினால், பெர்னார்ட் அதைத் தலைக்குள் ஒரு கணம் புரட்டிப் பார்ப்பார். சரி என்று பட்டால் மணிக் கயிற்றை இழுப்பார். இல்லையென்றால் உதட்டைப் பிதுக்குவார். அவருடைய உதட்டுக்கு மேல்முறையீடு கிடையாது.

பிழைக்குப் பஞ்சமே இல்லாத படம். துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு புகைபோக்கி வைத்திருக்கிற கப்பல், புயலில் மாட்டும்போது இரண்டு வைத்திருக்கும். கரையே கண்ணில் படாத நடுக்கடலில், பூங்காவில் ரொட்டித் துண்டு பொறுக்குகிற ஊர்ப் புறா ஒன்று பறக்கும். ஜெர்மன் நீர்மூழ்கியின் தளபதி தன் ஆட்களோடு தனியாக இருக்கும்போதும் ஆங்கிலத்தில்தான் திட்டுவான், அதுவும் தொண்டையில் மீன்முள் சிக்கியவனைப் போல. எல்லாவற்றுக்கும் மேலாக கேப்டனின் மீசை. பிரிட்டிஷ் கடற்படையில் தாடியும் மீசையும் சேர்த்து வைக்கலாம், அல்லது இரண்டையும் மழிக்கலாம். மீசையை மட்டும் வைக்க அனுமதி இல்லை, அது தரைப்படைக்காரன் பழக்கம். அந்த நடிகரோ பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு மீசையோடு அட்லாண்டிக் முழுக்கத் திரிவார். மீசை வருகிற ஒவ்வொரு காட்சிக்கும் மணி அடித்தால் கயிறு அறுந்துவிடும் என்பதால், மீசைக்கு மொத்தமாக ஒரே மணி என்று பெர்னார்ட் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. அதை அவர்கள் ‘சல்யூட்’ என்று மட்டும் சொல்வார்கள். புயல் தணிந்து கேப்டன் மேல்தளத்துக்கு வரும்போது, ஒரு இளம் மாலுமி விறைத்து நின்று சல்யூட் அடிப்பான். அவன் தலையில் தொப்பி இருக்காது. கடற்படையில் தொப்பி இல்லாமல் சல்யூட் அடிப்பது, கால்சட்டை போடாமல் தேவாலயத்துக்குப் போவதற்குச் சமம். அந்தக் காட்சி வந்தால் மொத்தக் கிளப்பும் மேசையைத் தட்டி ஊளையிடும். பெர்னார்ட் கயிற்றை விடாமல் இழுப்பார். “இந்த முட்டாப்பய எங்கேர்ந்துடா வந்தான்” என்று ஆண்டுதோறும் அவரே கேட்பார்.

அந்த முட்டாப்பயல் பெர்னார்ட்தான்.

படம் எடுத்த வருஷம் அவர் கடற்படையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சினிமாக்காரர்களுக்குக் கடற்படை ஒரு கப்பலைக் கொடுத்தது, கப்பலோடு ஆட்களையும் கொடுத்தது. திரையில் இரண்டு மூச்சு நேரம் வருகிற அந்த முகத்தைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவி டோரீனிடம் கூட. பயப்படவும் காரணம் இருக்கவில்லை. கிளப்பில் இருந்தது டிவியிலிருந்து பதிவு செய்த பழைய வீடியோ டேப். அதில் எல்லா மாலுமிகளின் முகமும் வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரிதான் தெரியும். தன்னையே தான் பழிப்பதில் அவருக்கு ஒரு ரகசிய சௌகரியம்கூட இருந்தது. குரைக்கிற நாயை யார் திருடன் என்று சந்தேகப்படுவார்கள்?

இந்த வருஷம் நெவில் பட்லின் புது டிவிடியோடு வந்தான்.

“மகள் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குடுத்தா,” என்று நெவில் அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்டினான். “ஒவ்வொரு ஃப்ரேமா கழுவித் தொடைச்சிருக்கானுங்களாம். ஆணி மண்டைகூடத் தெரியுமாம். இனிமே ஒரு பிழையும் தப்பிக்க முடியாது.”

பெர்னார்ட் அட்டைப்பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வேறு யார் கொண்டுவந்திருந்தாலும் பரவாயில்லை. நெவில் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன், குண்டன், நல்லவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இருவருக்கும் பொதுவான நண்பன் ஹாரி லவ்டே செத்துப்போனபோது, கல்லறையில் பெட்டியை இறக்குகிற நேரத்தில் நெவில் சல்யூட் அடித்தான், தொப்பி இல்லாமல். எல்லோரும் பார்த்தார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு டீயும் சாண்ட்விச்சும் சாப்பிடுகிற இடத்தில் பெர்னார்ட் உரத்த குரலில், “சினிமால கத்துக்கிட்டியா நெவில்? வா ஹாலிவுட், வந்து உக்காரு” என்றார். அறையே சிரித்தது. ஹாரியின் மனைவிகூடச் சிரித்தாள். அன்றிலிருந்து நெவிலுக்கு ஹாலிவுட் என்றே பெயர். பீர் ஊற்றுகிற ட்ரேசி முதல் தபால்காரர் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்த சல்யூட் யாருடையது என்று நெவிலுக்குத் தெரிந்தால், என் சவப்பெட்டியின் மேலேயே எழுதி வைப்பான் என்று பெர்னார்ட் நினைத்துக்கொண்டார்.

“டேப்பே போடலாமே,” என்றார். “அதுல ஒரு இது இருக்கு.”

“என்ன இது?” என்றான் நெவில்.

“வழக்கம்.”

“போன வருஷம் பாதிப் படத்துல டேப்பு மாட்டிக்கிட்டு, பென்சில விட்டுச் சுத்தினோம். அந்த வழக்கமா?”

“புது டிஸ்க்குல எல்லாம் மாத்தியிருப்பானுங்க. பிழையத் திருத்தியிருந்தா நம்ம கதி என்ன?”

பீரங்கிக்காரர் வில்ஃப் தன் நல்ல காதைத் திருப்பினார். பீரங்கிகள் சாப்பிட்டது போக அவருக்கு மிச்சம் ஒரு காதுதான். அதனால் எதையும் கத்தித்தான் பேசுவார். “என்ன சொல்றான்?”

“டிவிடி வேண்டாங்கறான்.”

“அவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. ட்ரேசி, போடும்மா.”

ட்ரேசி புரொஜக்டரைத் தட்டி உயிர்ப்பித்தாள். “உக்காரு கண்ணு,” என்றாள் பெர்னார்ட்டிடம். அவள் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வாள், காலி பீப்பாய் எடுக்க வருகிறவனுக்கும். பெர்னார்ட் மணிக்குப் பக்கத்தில் இருந்த உயரமான ஸ்டூலில் ஏறினார். டோரீன் வழக்கம்போல முன்வரிசையில் இருந்தாள். அன்றைய குலுக்கலில் அவளுக்குப் பன்றித் தொடை விழுந்திருந்தது. பிளாஸ்டிக்கில் சுற்றிய அந்தத் தொடையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பெயர் விழுந்தது. பெர்னார்ட் மணி அடித்தார். படம் பயங்கரத் தெளிவாக இருந்தது.

தெளிவு எல்லோருக்கும் குஷியைக் கிளப்பிவிட்டது. அலமாரிக் கதவில் ஸ்டுடியோ தச்சனின் பென்சில் குறி தெரிந்தது. மணி. பீரங்கி சுடும்போது குழாய் பின்வாங்கவே இல்லை என்று வில்ஃப் இரைந்தார். “மூக்கு சிந்தறான் பாரு, மூக்கு. அது பீரங்கியா?” மணி. மாலுமிகள் சாஸரில் கப்பு வைத்து டீ குடித்தார்கள். நெவில் நெஞ்சில் அடித்துக்கொண்டான். “நைட் டியூட்டிக்கு நான் காய்ச்சற கோகோல கரண்டிய நட்டா நிக்கும். இவனுங்க என்னடான்னா மகாராணி தோட்டத்துல விருந்துக்குப் போன மாதிரி சுண்டு வெரல நீட்டிக்கிட்டு.” மணி. புறா வந்தது. இந்த முறை அதன் காலில் வளையம்கூடத் தெரிந்தது. அந்த வளையத்துக்குத் தனி மணி வேண்டும் என்று ஒரு கட்சி கிளம்பியது. பெர்னார்ட் எந்தத் தகராறும் செய்யாமல் அடித்துத் தொலைத்தார். எப்போதும் ஒவ்வொரு பிழைக்கும் வழக்கு நடத்துகிறவர் இன்று இப்படி வாரி வழங்குவதை வில்ஃப் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கேப்டனின் மனைவி மழைக்கோட்டோடு துறைமுகத்தில் காத்திருந்தாள். “அது மட்டும் சரி,” என்றாள் டோரீன். “போர் முழுக்க ஒரே கோட்டு. எங்கம்மாவும் அப்படித்தான்.” டோரீன் சொல்வதற்கு மணி கிடையாது. அவள் குற்றம் சொல்வதில்லை.

புயல் ஆரம்பித்தது. கப்பலுக்கு இரண்டாவது புகைபோக்கி முளைத்தது. பெர்னார்ட் ஸ்டூல் நுனிக்கு நகர்ந்தார். இன்னும் கொஞ்ச நேரம்தான். அவரிடம் ஒரு திட்டம் இருந்தது, கேவலமான திட்டம். காட்சி வருகிற நேரம் பார்த்து எழுந்து, கழிப்பறைக்குப் போகிற மாதிரி புரொஜக்டருக்கு முன்னால் நடப்பது. எழுபது தாண்டிய ஆண்பிள்ளை கழிப்பறைக்குப் போவதை யார் கேள்வி கேட்க முடியும்?

புயல் தணிந்தது. கேப்டனின் மீசை படியேறி வந்தது. பெர்னார்ட் எழுந்து வெளிச்சத்துக்குள் நடந்தார். திரையில் அவருடைய நிழல் மலை மாதிரி எழும்பி நின்றது.

“யோவ், உக்காருய்யா.”

“சல்யூட்ட மறைக்கிறான் பாரு.”

“பெர்னார்ட், மணி அடிக்க வேண்டிய நேரத்துல எங்க போற?” நெவிலுக்கு உண்மையாகவே ஆச்சரியம். “உனக்குப் பிடிச்ச எடமாச்சே. ட்ரேசி, பின்னால ஓட்டும்மா. அண்ணாத்த போயிட்டு வரட்டும், நாங்க காத்திருக்கோம்.”

மொத்தக் கிளப்பும் காத்திருந்தது. பெர்னார்ட் கழிப்பறையில் நின்று சுவரைப் பார்த்தார். வராததை வரவழைக்க முடியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து ஸ்டூலில் ஏறினார்.

ட்ரேசி ஓட்டினாள். மீசை படியேறி வந்தது. அடுத்து வந்தது, திரை நிறைய, அவன் முகம். ஈரத் தலைமயிர் காற்றில் எழுந்து நிற்க, கண்ணை உருட்டிக்கொண்டு, உதடு கொஞ்சம் திறந்து, நெற்றிக்குக் கையை வைத்திருந்தான். கழுவித் தொடைத்த முகம். ஒவ்வொரு மருவும் தெரிந்தது. நெவில் “நிறுத்து” என்றான். ட்ரேசி நிறுத்தினாள். அந்த முகம் அப்படியே தங்கிவிட்டது.

பெர்னார்ட் முகத்தை மணிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பையன் நல்லாத்தான் இருக்கான்,” என்றாள் ட்ரேசி. “காதுதான் ரெண்டு பக்கமும் பிடி வெச்ச சட்டி மாதிரி.”

“முட்டாப்பயலுக்கு மூஞ்சி கெடச்சிடுச்சு,” என்றார் வில்ஃப். “யாருன்னே தெரியல.”

யாருக்கும் தெரியவில்லை. பெர்னார்ட் மெதுவாகத் திரும்பித் திரையைப் பார்த்தார். அவர் தலையில் இப்போது மயிர் இல்லை, கன்னம் தொங்கிவிட்டது, மூக்கு ஐம்பத்தைந்து வருஷப் பீரைக் குடித்து வீங்கியிருந்தது. காது மட்டும்தான் அப்படியே. தப்பித்தாயிற்று. பேசாமல் கயிற்றை இழுத்திருந்தால் போதும். ஆனால் மனிதனின் மனசு ஒரு விநோதம். ஒருத்தருக்குக்கூட அடையாளம் தெரியாதது அவரை லேசாகக் குத்தியது. கட்டின மனைவி, அதோ, பன்றித் தொடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடுகிறாள்.

அப்போது நெவில் திரைக்குப் பக்கத்தில் போய், அந்தப் பையனின் தலைமயிரை விரலால் தொட்டுக் காட்டினான். “இத்தனை வருஷமா நாம கவனிக்காத ஒண்ணு. இது கடலே இல்ல. ஸ்டுடியோல தொட்டி கட்டித் தண்ணி நிரப்பியிருக்கான். முடி பறக்குது பாரு, அது ஃபேன் காத்து. புதுப் பிழை. அடி பெர்னார்ட்.”

கை கயிற்றுக்குப் போகவில்லை. உதடு தானாகப் பிதுங்கியது.

“தொட்டி இல்ல,” என்றார்.

“தொட்டிதான்யா.”

“போர்ட்லண்டு துறைமுகத்துக்கு வெளியே எடுத்தது. தென்மேற்குக் காத்து. பின்னால அலையோட முதுகப் பாரு, தொட்டித் தண்ணி அப்படி எழும்புமா?”

“சரி, கடலாவே இருக்கட்டும். பையன் நடிகன். ஒரு நாளாவது கப்பல்ல வேலை பார்த்தவன் கை இப்படிப் போகுமா?”

“நடிகன் இல்ல. கப்பலோட ஆளு. ஆர்டினரி சீமன்.”

“நெஜ மாலுமின்னா தொப்பி எங்க?”

“பறந்துடுச்சு.”

“காத்து அடிச்சா தொப்பிப் பட்டிய தாடைக்குக் கீழ இழுத்து விடணும்னு முதல் நாளே சொல்லித் தருவாங்க. இவன் விடல. அப்ப நடிகன்தான்.”

வாய் அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் ஒரு தப்பான தகவல் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அதைத் திருத்தாமல் விடுவது, பெர்னார்ட்டின் வாய்க்கு வாழ்நாளில் பழக்கமில்லாத காரியம்.

“விட்டுத்தான் இருந்தான். பவுடர் போடற பொண்ணு மேல ஏத்தச் சொல்லிட்டா. பட்டி தாடைய மறைக்குதாம். நல்ல தாடையாம்.”

“என்ன சொன்னான்?” என்றார் வில்ஃப்.

எல்லோரும் திரையில் இருந்த காதைப் பார்த்தார்கள். பிறகு ஸ்டூலில் இருந்த காதைப் பார்த்தார்கள். மறுபடி திரை. மறுபடி ஸ்டூல். டென்னிஸ் ஆட்டம் பார்க்கிற கூட்டம் மாதிரி தலைகள் திரும்பின.

“எந்தப் பொண்ணு?” என்றாள் டோரீன்.

அதற்குப் பிறகு ஒரு ஐந்து நிமிஷத்துக்கு அங்கே என்ன பேசினார்கள் என்று யாராலும் கோவையாகச் சொல்ல முடியாது. வில்ஃபின் கண்ணில் நீர் வழிந்தது. ஒருவர் சிரித்து இருமி, இருமிச் சிரித்து, வெளியே மழைக்குப் போய் நின்றார். விஷயம் கேள்விப்பட்டுப் பக்கத்து அறையில் டார்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அம்புகளோடு வந்தார்கள். ட்ரேசி, திரையில் இருந்த முகத்தையும் ஸ்டூலில் இருந்த முகத்தையும் ஒன்றாகப் போனில் படம் பிடித்தாள். பெர்னார்ட் கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கப்பல் மூழ்கும்போது கேப்டன் அப்படித்தான் உட்கார வேண்டும் என்று எங்கோ படித்தவர் போல.

நெவில் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் பெர்னார்ட்டுக்குப் பயமாக இருந்தது.

“ஒரே ஒரு கேள்வி,” என்றான் நெவில். “தொப்பி போச்சு, சரி. சல்யூட் ஏன் வெச்ச? டைரக்டர் சொன்னானா?”

இல்லை, டைரக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டுகிற மாதிரி நடித்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். பெர்னார்ட் தன் கையைப் பார்த்தார்.

“ஆளு படியேறி வந்தாரு. தோள்ல கோடு, பட்டன், எல்லாம் மினுமினுன்னு. நெஜ கேப்டன்கூட அவ்வளவு கேப்டனா இருந்ததில்ல. எனக்கு வயசு பத்தொம்பது. கை தானாப் போயிடுச்சு.”

“யாரு? அந்த மீசையா?”

“ஆமா.”

“ஜவுளிக்கடைக்காரர் பையன்னு பேப்பர்ல போட்டிருந்தானே, அவருக்கா?”

“ஆமாய்யா, அவருக்குத்தான்.”

நெவில் அதை வாய்க்குள்ளேயே போட்டு மென்றான், சமையல்காரன் உப்புப் பார்க்கிற மாதிரி. “தொப்பி இல்லாத தலை, தாடி இல்லாத மீசைக்கு சல்யூட் வெச்சிருக்கு.”

மறுபடி சிரிப்பில் கூரை பறந்தது. அது கொஞ்சம் அடங்கியதும் நெவில் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான். “எனக்கும் அன்னிக்குத் தானாத்தான் போச்சு.”

எந்த நாள் என்று பெர்னார்ட் கேட்கவில்லை.

“தெரியும்,” என்றார். “அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா அந்த வாய் பேசின?”

“தெரிஞ்சதாலதான்.”

“நான் ஹாரிக்கு வெச்சேன்,” என்றான் நெவில். “நீ மீசைக்கு வெச்ச. இத மட்டும் சாகற வரைக்கும் மறக்காத.”

“நீ மறக்க விடுவியா?”

“விட மாட்டேன்.”

இதற்குள் வில்ஃப், தாமதமாக விஷயம் முழுக்கப் புரிந்து, மேசையில் ஓங்கித் தட்டினார். “அப்போ மணி உண்டா இல்லையா? நெஜ மாலுமி, நெஜ கடல், நெஜமாவே சல்யூட் வெச்சிருக்கான். நடந்தது நடந்ததுதானே? இந்தப் படத்துலயே உண்மையா நடந்த ஒண்ணே ஒண்ணு இதுதான்யா. இது எப்படிப் பிழையாகும்?”

வாதம் பலமாக இருந்தது. பாதிக் கிளப் அதன் பக்கம் சாய்ந்தது. எல்லோரும் ஸ்டூலைப் பார்த்தார்கள். பெர்னார்ட் உதட்டைப் பிதுக்கியிருந்தால் அந்த சல்யூட் அன்றோடு பிழைப் பட்டியலை விட்டே போயிருக்கும். அவருக்கும் அது புரிந்தது. திரையில் அந்தப் பையன் இன்னும் கண்ணை உருட்டிக்கொண்டு, யாராவது கையை இறக்கச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிற மாதிரி நின்றான்.

“நெஜமா நடந்திருந்தாலும் தப்பு தப்புதான்,” என்றார் பெர்னார்ட். “அன்னிக்கு சாயங்காலமே எங்க மேலாளு, பெட்டி ஆபீசர், கூப்பிட்டு அதத்தான் சொன்னாரு. ஒரு வாரம் உருளைக்கிழங்கு உரிச்சேன்.” அவர் கயிற்றை இழுத்தார், ஒவ்வொரு வருஷமும் இழுக்கிற மாதிரியே, விடாமல், கண்ணாடிக் குவளைகள் நடுங்குகிற வரைக்கும்.

“யாரோட கிச்சன்ல?” என்றான் நெவில் ஆவலாக. “தோல மெலிசா உரிச்சியா?”

ட்ரேசி படத்தை ஓடவிட்டாள். பையனின் கை ஒருவழியாக இறங்கியது. டோரீன் எழுந்து வந்து, பன்றித் தொடையை பெர்னார்ட்டின் மடியில் வைத்தாள். அவருடைய தாடையை இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“அவ சொன்னது சரிதான்,” என்றாள். “எங்க போச்சு?”

கடைசியில் ஸ்டெட்ஃபர்ட் திரும்பி வந்தது. பேண்டு வாசித்தது. கொடி தலைகீழாகப் பறந்தது. அதற்கு மணி அடிக்க வேண்டிய பெர்னார்ட் மடியில் இருந்த இறைச்சியைப் பிடித்துக்கொண்டிருந்ததால், நெவில் கையை நீட்டிக் கயிற்றை இழுத்தான். பெர்னார்ட்டின் உதடு பிதுங்கவில்லை.

விளக்குகள் எரிந்தன. ட்ரேசி குழாய்ப் பக்கம் வந்து, ஒரு காலிக் குவளையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ஹாலிவுட், உனக்கு என்ன ஊத்தறது?”

இரண்டு பேரும் திரும்பினார்கள்.